அகழாய்வுக் குழியிலிருந்து அருங்காட்சியகப் பொறுப்புக்கு: ஒரு வாசகிக்குப் பதில்

கடலூர் மாவட்டம் பண்ருட்டி வட்டத்தைச் சேர்ந்த வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"தொல்லியலில் முனைவர் பட்டம் முடித்து, பத்து ஆண்டுகளாக அகழாய்வுகளில் ஒப்பந்த அடிப்படையில் பணிபுரிகிறேன். புதுச்சேரியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக வரும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். நிலையான ஊதியம், வீட்டுக்கும் பக்கம். ஆனால், 'குழியை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை' என்கிறார் என் நெறியாளர். போனால் நான் தொல்லியலாளராக நீடிக்க முடியுமா? அந்த வேலைக்கு நான் எதையெல்லாம் கற்க வேண்டும்? ஒப்புக்கொள்வதற்கு முன் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் நெறியாளர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்ற தொல்லியலாளர்களில் பலர் அதன் பிறகு சொந்தமாக ஓர் அகழாய்வை நடத்துவதில்லை. நிதி, பணியாளர், சட்டம், கட்டடப் பழுது என்று நாள் முழுவதையும் வேறு வேலைகள் எடுத்துக்கொள்ளும். அகழாய்வுப் பருவம் தொடங்கும்போது தளத்துக்குப் போக விடுப்பும் கிடைக்காது. இதைத் தெரிந்துகொண்டே நீங்கள் அந்தப் பணிக்குப் போக வேண்டும் என்று சொல்கிறேன். அதற்கான காரணத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஒரு பானையோட்டை மண்ணிலிருந்து எடுத்து, அளந்து, படம் வரைந்து, சீட்டெழுதிப் பையில் போட்டுக் கட்டிய நாளோடு நம் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். ஐம்பது ஆண்டுகள் கழித்து, நம்மை முன்பின் அறியாத ஓர் ஆய்வாளர் வந்து, இந்த ஓடு எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்று கேட்கும்போது, அந்தப் பையையும் அதற்குரிய ஏட்டையும் எடுத்துக் காட்ட முடிந்தால்தான் அகழாய்வு முடிந்ததாகப் பொருள். அந்தப் பின்பாதி முழுவதும் அருங்காட்சியகத்தின் வைப்பறையில் நடக்கிறது. முன்பாதியைச் செய்யத் தெரிந்த இளைஞர்கள் தமிழ்நாட்டில் இன்று நல்ல எண்ணிக்கையில் இருக்கிறார்கள். பின்பாதியைச் செய்ய வல்லவர்கள், அதிலும் குழியில் நின்று மண்ணடுக்கைப் படித்துப் பழகியவர்கள், மிகக் குறைவு.

இதற்கு நீங்கள் வேலை செய்யப்போகும் ஊரிலேயே சான்று இருக்கிறது. புதுச்சேரியை அடுத்த பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டை மார்ட்டிமர் வீலர் என்ற பிரித்தானியத் தொல்லியலாளர் 1945-ல் அகழ்ந்தார் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது ஓர் அருங்காட்சியக அலமாரி. இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக 1944-ல் பொறுப்பேற்ற அவர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, அங்கிருந்த அலமாரி ஒன்றில் மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த ஆம்போரா சாடியின் உடைந்த பகுதியைக் கண்டார். அது புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தது என்று அறிந்ததும் புறப்பட்டுப் போய், அங்கே பொது நூலகத்தில் வைக்கப்பட்டிருந்த அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்த்தார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தப் பொருள்களைச் சேர்ப்பதற்கு வழிவகுத்தவர் ஜூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர். அவற்றில் இத்தாலியில் செய்யப்பட்ட செந்நிற அரெட்டைன் மட்கலங்களின் துண்டுகளும் இருந்தன. அந்தக் கலங்கள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அவை கிடைக்கும் மண்ணடுக்குக்கும், அதே அடுக்கில் கிடைக்கும் நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடியும் என்று வீலர் உணர்ந்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான காலவரிசை ஒன்று அமையத் தொடங்கியது அப்படித்தான். அந்தச் சாடித் துண்டை யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் அலமாரியில் வைத்து, எங்கிருந்து வந்தது என்ற தகவலையும் காப்பாற்றியிருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கதை அதோடு நிற்கவில்லை. வீலர் தம் அறிக்கையை 1946-லேயே வெளியிட்டுவிட்டார். அவருக்குப் பின் ழான்-மாரி கசால் என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் 1947 முதல் 1950 வரை அங்கே அகழ்ந்தார். பல ஆண்டுகள் கழித்து விமலா பெக்லி என்ற ஆய்வாளர், மண்வெட்டியைத் தொடுவதற்கு முன், வீலரும் கசாலும் விட்டுச்சென்ற பதிவுகளையும் பானையோடுகளையும் மறுபடி வாசித்து, அந்த ஊரின் தொடக்கம் வீலர் சொன்னதைவிட முற்பட்டது என்றும், ரௌலட்டட் மட்கலங்களை (சிறு பற்சக்கரத்தை உருட்டிப் பதித்தாற்போன்ற கோல வரிகள் கொண்டவை) உரோமானிய வணிகத்தோடு மட்டும் கட்டிப்போடக் கூடாது என்றும் 1983-ல் எழுதினார். அதன் பிறகுதான் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. வி. இராமனோடு சேர்ந்து 1989 முதல் 1992 வரை அங்கே அகழ்ந்தார். பழைய ஏடுகளும் பெட்டிகளும் படிக்கத்தக்க நிலையில் இருந்ததால் ஒரு பெரும் அறிஞரின் முடிவைத் திருத்த முடிந்தது. இதை அருங்காட்சியகப் பணி தொல்லியலுக்குச் செய்த நேரடிக் கொடையாகவே நான் கருதுகிறேன்.

அதே அரிக்கமேடு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. தொடக்க காலத்தில் கிடைத்த பொருள்களில் சில வியட்நாமின் ஹனோய் வரை போயின. மற்றவை பல இடங்களாகப் பிரிந்தன. ஒரே தளத்தின் பொருள்களை ஒரு சேரப் பார்க்க விரும்பும் மாணவர் இன்றும் ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது. நீங்கள் பொறுப்பேற்கும் இடத்தில் அரிக்கமேட்டு மணிகள் நான்கே இருந்தாலும், அதே குழியின் மற்ற மணிகள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு உங்கள் பதிவேட்டில் இருந்தால், அந்த நான்கு மணிகளுக்கும் ஆய்வு மதிப்பு வந்துவிடும்.

தொல்லியலாளராக நீடிப்பீர்களா என்ற கேள்விக்கு வருகிறேன். வீலரே அருங்காட்சியகத் தலைவராக இருந்தவர்தான். 1924-ல் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். 1926-ல் லண்டன் அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்து, 1944-ல் இந்தியா வரும்வரை அதில் நீடித்தார். இங்கிலாந்தில் வெருலாமியம், மெய்டன் காசில் ஆகிய இடங்களின் பெரிய அகழாய்வுகளை அந்தப் பதவியில் இருந்துகொண்டே நடத்தினார். எனவே முடியும் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் அவரை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தளத்தின் அன்றாட நிர்வாகம், மாணவர் பயிற்சி, பொருள்களின் பதிவு ஆகியவற்றில் பெரும் பங்கைச் சுமந்தவர் அவருடைய மனைவி டெஸ்ஸா. அவரும் தேர்ந்த தொல்லியலாளர், 1936-ல் இறந்துபோனார். அப்படி ஒரு துணை இல்லாமல், பத்துப் பேர்கூட இல்லாத ஒரு நிறுவனத்தின் தலைவர் ஆண்டுதோறும் பருவம் முழுவதும் குழியில் நிற்க முடியாது. நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது வேறு ஒருவர் நடத்தும் அகழாய்வில் சில வாரங்கள் பங்கேற்பது, கள ஆய்வுகளுக்குப் போவது, வைப்பறைப் பொருள்களை ஆய்ந்து எழுதுவது. மூன்றாவதாகச் சொன்னதைக் குறைவாக நினைக்காதீர்கள். சி. சிவராமமூர்த்தி எழும்பூரில் காப்பாட்சியராக இருந்தபோது அங்கிருந்த அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1942-ல் வெளியிட்ட நூல் இன்றும் ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது. பின்னாளில் அவர் தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். தம் பொறுப்பில் இருந்த கற்களைத் தினந்தோறும் பார்க்கும் வாய்ப்பு அந்த நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். களத்தில் இருக்கும் தொல்லியலாளருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

அடுத்து, கற்க வேண்டியவை. அருங்காட்சியகவியலைப் பட்டப்படிப்பாகப் படிக்க வேண்டுமென்றால் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் அதற்கென்று தனித் துறை இருக்கிறது. ஆனால் முனைவர் பட்டம் முடித்துவிட்ட நீங்கள் மறுபடி இரண்டு ஆண்டுகள் வகுப்பில் உட்காரத் தேவையில்லை என்று நினைக்கிறேன். உங்களுக்கு உடனடியாகத் தேவை பொருள் பாதுகாப்பில் கைப்பழக்கம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930-ல் எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளரைக் கொண்டு தொடங்கப்பட்டது. செப்புத் திருமேனிகளைக் காப்பதில் நம் நாட்டில் முன்னோடி அது. அங்கே அனுமதி பெற்றுச் சில வாரங்கள் நின்று பார்ப்பது எந்தப் பட்டயத்தையும்விட உங்களுக்கு உதவும்.

ஏனென்றால் நீங்கள் போகும் இடம் கடற்கரை. களத்தில் பொருளை எடுத்து அனுப்பிவிட்டு வந்தவர்களுக்கு, எடுத்த பிறகு அது என்ன ஆகிறது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. உப்பேறிய மண்ணில் கிடந்த பானையோடு உலர உலர, உள்ளே இருக்கும் உப்பு மேற்பரப்புக்கு வந்து படிகமாகி, ஓட்டின் மேல்தோலையே உரித்துவிடும். அதைத் தூய நீரில் பலமுறை ஊறவைத்து உப்பை வெளியேற்றிய பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும். செம்பிலும் வெண்கலத்திலும் வெளிர்பச்சை நிறத்தில் தூள் தூளாகப் புள்ளிகள் தோன்றினால், அது குளோரைடும் காற்றின் ஈரமும் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து தின்பதன் அறிகுறி. அந்தப் பொருளைத் தனியே பிரித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைத்து, வேதியியலாளரை அழைக்க வேண்டும். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கிய செப்புப் பொருள்களைச் சில சேகரிப்புகளில் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆனால் அந்தப் பரப்பில் இருந்த தடயம் எதுவும் திரும்பி வராது. குளிர்சாதனத்தைப் பகலில் பார்வையாளருக்காக ஓட்டிவிட்டு இரவில் நிறுத்தும் வழக்கம் இருந்தால் அதை முதல் மாதமே மாற்றுங்கள். தினமும் ஏறி இறங்கும் ஈரப்பதம், ஒரே அளவில் நிற்கும் சற்றுக் கூடுதலான ஈரப்பதத்தைவிட அதிகக் கேடு செய்யும்.

புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்ததையும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதையும், அடுத்து தென்பெண்ணை பெருக்கெடுத்ததையும் நேரில் கண்டிருப்பீர்கள். ஆகவே வைப்பறை தரைத்தளத்தில் இருக்கிறதா, தரைத்தளத்தில்தான் வைக்க முடியும் என்றால் அலமாரியின் அடித்தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம், மின்சாரம் பல நாள் இல்லாமல் போனால் என்ன ஏற்பாடு, பதிவேட்டின் படி ஒன்று வேறு ஊரில் இருக்கிறதா என்பவற்றை நேர்காணலிலேயே கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் அவர்கள் மோசமானவர்கள் என்று ஆகிவிடாது. அந்த வேலைக்கு உங்களைப் போன்ற ஒருவர் அங்கே அவசரமாகத் தேவைப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பதவியேற்றதும் காட்சிக்கூடத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அறக்கட்டளையினர் நெருக்குவார்கள். திறப்பு விழா நடத்தவும் செய்தி வெளியிடவும் காட்சிக்கூடம்தான் பயன்படும் என்பதால் அது இயல்பு. முடிந்தவரை அதைத் தள்ளிப்போட்டு, முதல் ஆண்டைப் பதிவேட்டுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, ஏட்டில் இருக்கிறதா என்று பார்த்து, எண் இல்லாதவற்றுக்கு எண் இட்டு, அளவோடு படம் எடுக்க வேண்டும். எண்ணை நேரடியாகப் பொருளின்மேல் எழுதும் பழக்கத்தை நிறுத்துங்கள். அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 பிசினை, உருவத்தைப் பாதிக்காத ஓர் இடத்தில் மெல்லியதாகப் பூசி, உலர்ந்த பின் அதன்மேல் மையால் எழுதி, இன்னொரு பூச்சு கொடுத்தால், எழுத்து நிலைக்கும். தேவையானபோது பொருளுக்குச் சேதமின்றி நீக்கவும் முடியும். மெதுவாக நகரும் இந்த வேலையில் உங்கள் அகழாய்வுப் பயிற்சி முழுவதும் பயன்படும்.

படத்தின் மதிப்புக்கும் புதுச்சேரியிலேயே சான்று உண்டு. 1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் நம் கோயில்களின் திருமேனிகளைப் பல்லாண்டுகளாக நிழற்படம் எடுத்து வைத்திருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராசர் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. அது நம் கோயிலுடையதுதான் என்று நிறுவ அந்த நிறுவனத்தின் பழைய படங்கள் உதவின. 2014-ல் திருமேனி இந்தியாவுக்குத் திரும்பியது. ஊரார் எத்தனை பேர் சாட்சி சொன்னாலும் ஒரு தெளிவான படத்துக்கு நிகராகியிருக்காது.

இதையொட்டிச் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டு 1976-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ளவை தொல்பொருள்கள். கையெழுத்துச் சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டுகள். அவற்றில் சிற்பம், ஓவியம் போன்ற குறிப்பிட்ட வகைகளைத் தனியாரோ அறக்கட்டளையோ வைத்திருந்தால் பதிவு அலுவலரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். அரசு அகழாய்வில் கிடைத்தவை அரசின் உடைமை. உங்கள் அருங்காட்சியகம் அவற்றை முறையான ஒப்பந்தத்தின்பேரில் காட்சிக்கு மட்டுமே பெற முடியும். ஆகவே, பணியை ஒப்புக்கொள்வதற்கு முன், அங்கிருக்கும் முக்கியமான பொருள்கள் எப்படி வந்தன என்பதற்கான ஆவணங்களைப் பார்க்கக் கேளுங்கள். "பெரியவர் காலத்திலிருந்தே இருக்கிறது" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஆவணம் இல்லாத பொருள்கள் இருந்தால், அவற்றை ஒழுங்குபடுத்த அறக்கட்டளை ஒத்துழைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதை எழுத்தில் தர மறுத்தால் அந்தப் பதவி உங்களுக்கு வேண்டாம். என் அறிவுரையில் உறுதியாக மறுக்கச் சொல்லும் ஒரே இடம் இதுதான். இயக்குநரான பிறகு, நிலத்தில் கிடைத்ததென்று சிலையையும் காசையும் கொண்டுவந்து, உண்மையானதா, என்ன விலை பெறும் என்று கேட்பவர்கள் வருவார்கள். விலை சொல்லவே கூடாது. புதையலாகக் கிடைத்ததை 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கி, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வழிகாட்டுங்கள்.

காட்சிக்கூடத்தைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறேன். அது முக்கியமற்றது என்பதால் அப்படிச் செய்யவில்லை. பதிவேடு சரியானால் அது தானாக எளிதாகிவிடும். மருங்கூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2024-ல் அகழாய்வு தொடங்கியபோது உங்கள் வட்டத்து மக்கள் எவ்வளவு ஆர்வத்தோடு வந்து நின்றார்கள் என்று நீங்கள் எனக்குச் சொல்ல முடியும். கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப்பக்கத்துப் பானையைக் கண்ணாடிக்குள் பார்த்து வியந்து நிற்கும் காட்சி நமக்குப் பழகிவிட்டது. எந்தத் தளத்திலும் ஊர் மக்கள் நம்மிடம் கேட்பது, "எங்க ஊர்ல எடுத்ததெல்லாம் எங்கங்க கொண்டுபோறீங்க?" என்பதுதான். களத்தில் இருக்கும்வரை அந்தக் கேள்விக்கு மேலிடத்தைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். இயக்குநராக இருப்பவர் அந்தப் பொருளின் இருப்பிடத்தைச் சொல்லிப் பதிலளிக்கக் கடமைப்பட்டவர். காட்சி விளக்கங்களை எழுதும்போது அப்படிக் கேட்கும் ஊர்க்காரரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "வண்ணம் பூசிய மட்கலத் துண்டு, சங்க காலம்" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதைச் செய்தவர் எந்த மண்ணை எடுத்தார், எதற்குப் பயன்படுத்தினார்கள், அது ஏன் உடைந்து குப்பைக் குழிக்குப் போனது என்று நமக்குத் தெரிந்த அளவைத் தெளிந்த தமிழில் எழுதுங்கள். கடலூருக்கு அருகே காரைக்காட்டில் மணி செய்த மக்களைப் பற்றியும் அரிக்கமேட்டில் மணி செய்தவர்களைப் பற்றியும் ஒரே அறையில் பேச முடியும். இரண்டு ஊரும் ஒரே கடற்கரையில் இருக்கின்றன.

பேச்சுவார்த்தையில் ஊதியத்தைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியவை வேறு இருக்கின்றன. வைப்பறைக்கென்று தனி நிதி, வருகைதரு அடிப்படையிலாவது ஒரு வேதியியலாளர், புதிதாக எந்தப் பொருளைச் சேர்ப்பது என்பதில் இறுதி முடிவு உங்களுடையது என்ற உறுதி ஆகியவற்றைக் கேளுங்கள். இவற்றோடு ஆண்டுக்கு ஆறு வாரம் ஆய்வு விடுப்பும் கேளுங்கள். அறங்காவலர்கள் ஆறு வாரத்தைப் பார்த்துத் திகைத்தால் நான்குக்கு இறங்கி வரலாம், ஆனால் ஒன்றுமே இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வாரங்கள் இல்லாவிட்டால் உங்கள் நெறியாளர் அஞ்சியது நடந்துவிடும்.

கடிதத்தின் இறுதியில், நீங்கள் பொறுப்பாக இருந்து தோண்டிய குழிகளின் அறிக்கை இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகுந்த கவலை தந்த வரி அதுதான். அகழ்ந்தவர் இடம் மாறியதால் அறிக்கை வெளிவராமலே போன தளங்கள் நம்மிடம் பல இருக்கின்றன. அங்கே எடுத்த பொருள்கள் பைகளில் கிடந்தும் பயனில்லை, தோண்டப்பட்ட மண்ணைத் திரும்ப அடுக்கவும் முடியாது. இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அதை எழுத நேரம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பணியேற்கும் நாளை மூன்று மாதம் தள்ளித் தரும்படி அறக்கட்டளையிடம் கேளுங்கள். அந்த மூன்று மாதத்தில் உங்கள் குறிப்பேடுகள், மண்ணடுக்கு வரைபடங்கள், பானையோட்டுப் பட்டியல்கள் அனைத்தையும் வைத்துக்கொண்டு அறிக்கையின் வரைவை முடித்து, உங்களை அமர்த்திய துறையிடம் ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்ததற்கான ரசீதையும் பெற்றுக்கொண்டு புதுச்சேரிக்குப் புறப்படுங்கள்.